பழைய மேனுவல் ஃபோகஸ் ஜூம் லென்ஸ்: வாங்கும் முன் ஹெப்பகோடியில் ஒரு நடை போய்ச் சோதிப்பது எப்படி?

ஆன்லைனில் பழைய லென்ஸ் தேடியவர்களுக்கு இந்த வரி நன்றாகவே பழக்கம்: "70-210 ஜூம், மேனுவல், மிண்ட் கண்டிஷன், ஃபங்கஸ் இல்லை." விலை சில ஆயிரம்தான். கிட்டத்தட்ட அதே தூரத்தை எட்டும் புது 70-200 எஃப்/2.8 லென்ஸ் ஒரு லட்சத்தைத் தாண்டும். சம்பளம் வந்த வாரம் என்றால் கை தானாகவே "இன்னும் இருக்கா?" என்று டைப் அடித்துவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். நாற்பது, ஐம்பது வருடம் ஆன ஜூம் லென்ஸில் மாடல் பெயர் இரண்டாம்பட்சம்தான். உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு பீஸ் இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. யூடியூபில் நீங்கள் பார்க்கும் ரிவியூ வேறு யாரோ, வேறு எங்கோ பத்திரமாக வைத்திருந்த இன்னொரு பீஸைப் பற்றியது. உங்களுக்கு விற்கப்படுவது கீழே விழுந்திருக்கலாம், அரைகுறையாகக் கழற்றி மாட்டப்பட்டிருக்கலாம், இருபது வருடம் பீரோவுக்குள் ஈரத்தில் கிடந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். நடக்கும் இடமாக ஹெப்பகோடியை எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்களில் பலருக்கு வீடோ பிஜியோ அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். நீங்கள் சிறுசேரியிலோ ஹிஞ்சவடியிலோ இருந்தால் உங்கள் ஊர் பாலத்தையும் ஏரியையும் வைத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது?

35 மிமீ எஸ்எல்ஆர் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-ல் வந்தது. பெயர் ஜூமார், 36-82 மிமீ, எஃப்/2.8. வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன ஃபிராங்க் பேக் வடிவமைத்தது, ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் விற்றது. 1963-ல் நிக்கான் தன் 43-86 மிமீ எஃப்/3.5 லென்ஸைக் கொண்டுவந்தது. சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலை, கைக்கு அடக்கமான அளவு, அமோக விற்பனை. ஆனால் உள்ளே ஒன்பதே கண்ணாடிகள். நேர்கோடுகள் வளைந்தன, ஓரங்கள் மங்கின. "ஜூம் என்றாலே சுமார்தான்" என்ற பெயர் பரவ இந்த லென்ஸ் ஒரு முக்கியக் காரணம். 1976-ல் அதே லென்ஸை 11 கண்ணாடிகளோடு திருத்தி வெளியிட்டார்கள். பெயர் மட்டும் திருந்தவில்லை.

(ஜூம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது எழுபதுகளின் சினிமாதான். உண்மை தெரிந்ததும் ஹீரோ முகத்துக்கு ஒரு ஜூம், வில்லன் முகத்துக்கு ஒரு ஜூம், அம்மா முகத்துக்கு ஒரு ஜூம். புதுப் பொம்மை கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான்.)

எழுபதுகளில் கம்ப்யூட்டர் கணக்கு லென்ஸ் வடிவமைப்புக்குள் முழுசாக வந்தபிறகு நிலைமை மாறியது. எண்பதுகளில் 70-210, 80-200 ஜூம்கள் உலகம் முழுக்க ஏராளமாக விற்றன. அடுத்து 1985-ல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸோடு வந்தது, 1987-ல் கேனான் தன் பழைய மவுண்ட்டையே விட்டுவிட்டு இஎஃப்-க்கு மாறியது. அதோடு மேனுவல் ஜூம்கள் அலமாரிக்குப் போயின. சப்ளை அதிகம், டிமாண்ட் குறைவு. விலை இறங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான், எல்லாமே மோசமான லென்ஸ்கள் என்று அர்த்தம் இல்லை.

என் கேமராவில் பொருந்துமா?

இதற்கு ஒரே ஒரு கழித்தல் கணக்குப் போதும். ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையில் ஒரு நிலையான தூரம் உண்டு. பழைய எஸ்எல்ஆர்களில் நடுவே கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும் என்பதால் இந்தத் தூரம் அதிகம். நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மிமீ, ஒலிம்பஸ் ஓஎம்-ல் 46, பென்டாக்ஸ் கே-யிலும் எம்42 திருகு மவுண்ட்டிலும் 45.46, மினோல்டாவில் 43.5, கேனான் எஃப்டி-யில் 42. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது, அதனால் தூரம் சின்னது. கேனான் ஆர்எஃப் 20 மிமீ, சோனி இ 18, ஃபூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16.

பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள். நிக்கான் எஃப் லென்ஸை சோனியில் மாட்ட 46.5 - 18 = 28.5 மிமீ. அந்த உயரமுள்ள ஒரு காலி உலோகக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடியும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. 2008-ல் பானசோனிக் ஜி1 மூலம் மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது இந்தக் காலி குழாயால்தான்.

கழித்தால் மைனஸ் வந்தால்? உதாரணமாக எம்42 லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் 45.46 - 46.5. லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிற்கும், தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகவே ஆகாது. அதைச் சரிசெய்யக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு, ஆனால் அந்த மலிவுக் கண்ணாடி லென்ஸின் தரத்தைத் தின்றுவிடும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு கம்பெனி கேமராவில் இன்னொரு கம்பெனி லென்ஸை மாட்டுவது நம்மவர்களுக்குப் புதுசும் இல்லை. காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு கேமராவின் உடலோடு வேறு தயாரிப்பு டெலிலென்ஸைக் கைவேலையால் சேர்த்துக் கட்டிய ஒரு விநோதக் கருவியைத் தூக்கிக்கொண்டுதான் அவர் காட்டுக்குள் போனார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் உண்டு. யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள், அடாப்டர் பற்றிய தயக்கம் கொஞ்சம் குறையும்.

லென்ஸின் ஆதார் எண்

இது டேட்டா ஆட்களுக்குப் பிடித்த பகுதி. பழைய ஜூம் சந்தையில் அதிகம் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று விவிட்டார். அமெரிக்க பிராண்ட், ஆனால் சொந்தமாக லென்ஸ் தொழிற்சாலை கிடையாது. ஜப்பானில் வெவ்வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்றது. யார் செய்தது என்பது சீரியல் எண்ணிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் 22 என்றால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. அடுத்த ஒரு இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். 22715 என்று ஆரம்பித்தால் கினோ செய்தது, 7-ல் முடியும் வருடத்தின் 15-ஆவது வாரம். 1977-ஆ 1987-ஆ என்பதை மாடலை வைத்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதில் என்ன லாபம்? விவிட்டார் சீரிஸ் 1 வரிசையில் 70-210 என்ற ஒரே பெயரில் முதல் மூன்று வடிவங்களும் வெவ்வேறு கைகளில் செய்தவை. முதலாவது கினோ, எஃப்/3.5, முன்பக்க ஃபில்டர் அளவு 67 மிமீ. இரண்டாவது டோக்கினா, அதே எஃப்/3.5, ஆனால் ஃபில்டர் 62. மூன்றாவது கோமினே, எஃப்/2.8-4. விற்பவர் "சீரிஸ் 1, ரேர் பீஸ்" என்று மட்டும் சொன்னால் சீரியல் எண்ணின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எதைப் பற்றிய ரிவியூவைப் படிக்க வேண்டும் என்பதாவது தெரியும்.

டாம்ரானின் 'அடாப்டால்-2' (1979-ல் வந்தது) வரிசைக்கு இன்னொரு வசதி. பின்பக்க மவுண்ட்டைக் கழற்றி மாற்றலாம். நாளைக்கு கேமரா மாற்றினாலும் லென்ஸ் வீணாகாது. முதல் பழைய ஜூம் எது வாங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

காசு கொடுக்கும் முன், டீக்கடையிலேயே

விற்பவரை வெளிச்சமான இடத்தில் சந்தியுங்கள். அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரிக் கிளைத்திருந்தால் அது ஃபங்கஸ். பால் கலந்த மாதிரி மொத்தமாக மங்கல் இருந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது, வெயிலில் எடுக்கும் ஒவ்வொரு படமும் வெளுத்துப் போகும். ஜூமில் கண்ணாடிகள் நிறைய, கழற்றிச் சுத்தம் செய்வது ஐம்பது மிமீ லென்ஸ் மாதிரி லேசான வேலை இல்லை. சர்வீஸ் செலவு லென்ஸ் விலையைத் தாண்டிவிடும். சென்னை, கொச்சி, மங்களூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ் என்றால் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள்.

அடுத்து அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு லென்ஸைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பழைய டெலி ஜூம்களில் பல 'புஷ்-புல்' வகை. ஒரே வளையம், முன்னும் பின்னும் தள்ளினால் ஜூம், சுற்றினால் ஃபோகஸ். தேய்ந்துபோயிருந்தால் அந்த வளையம் தன் எடையிலேயே கீழே சரியும். இது பெரிய குற்றம் இல்லை. பார்சல் கட்டும் அகல ரப்பர் பேண்ட் ஒன்று போட்டால் நின்றுவிடும். விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி என்றால் "ஒரு நாள் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கேளுங்கள். முழுப் பணத்தைக் கொடுத்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் மறுக்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கேமராவில் மாற்ற வேண்டியவை

லென்ஸில் சிப் இல்லை, எனவே லென்ஸே மாட்டவில்லை என்றுதான் கேமரா நினைக்கும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். அபெர்ச்சர் பிரையாரிட்டி மோடில் வையுங்கள். அபெர்ச்சரை நீங்கள் லென்ஸில் சுற்ற, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் பீக்கிங்கை ஆன் செய்யலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் கான்ட்ராஸ்ட் குறைவாக இருக்கும், பீக்கிங் நிறம் தப்பான இடத்திலும் மின்னும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூமுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. பல கேமராக்களில் கை நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரே அசையும். எத்தனை மிமீ லென்ஸ் என்று தெரிந்தால்தான் எவ்வளவு அசைய வேண்டும் என்று அதற்குத் தெரியும். சிப் இல்லாததால் அந்த எண்ணை நீங்கள் கையால் கொடுக்க வேண்டும். 200 என்று கொடுத்துவிட்டு 70-ல் எடுத்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடும், நடுக்கமே இல்லாத படமும் கலங்கும். ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் மெனுவுக்குள் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. பகல் வெளிச்சத்தில் அந்த வசதியை ஆஃப் செய்துவிட்டு ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். 200 மிமீ என்றால் குறைந்தது 1/200 நொடி, ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1/300. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4 வைத்தாலே கிட்டத்தட்ட 1/1600 கிடைக்கும். பகலில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

நடை: மெட்ரோ, ஷட்டர், ஏரி

நம்ம மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள். கடைசிக்கு முந்தைய நிலையம் ஹெப்பகோடி. காலை ஏழு மணிக்குள் அங்கே இறங்குங்கள். ஓசூர் போகும் நெடுஞ்சாலை கீழே, மெட்ரோ பாலம் மேலே.

முதலில் பக்கத்துத் தெருவில் இன்னும் திறக்காத ஒரு கடையைத் தேடுங்கள். மூடிய இரும்பு ஷட்டர் மாதிரி ஒரு டெஸ்ட் சார்ட்டை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. தட்டையானது, வரி வரியாகக் கோடு, ஓரம் வரை ஒரே மாதிரி. அதற்கு நேர் எதிரே, சாயாமல் நில்லுங்கள். அபெர்ச்சரை முழுசாகத் திறந்து நடுவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, திரும்பவும் ஃபோகஸ் செய்து இன்னொரு படம். இரண்டையும் பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள்.

இரண்டு ஓரமும் சமமாக மங்கினால் அது வடிவமைப்பின் குணம், எஃப்/8-க்குப் போனால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரு ஓரம் மட்டும் மங்கினால் கவனியுங்கள். இரண்டு படத்திலும் ஷட்டரின் அதே பக்கம் மங்கியிருந்தால் நீங்கள் நேராக நிற்கவில்லை. கேமராவைத் திருப்பியதும் மங்கல் ஷட்டரின் மறுபக்கத்துக்குத் தாவினால் சிக்கல் உங்களிடம் இல்லை. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, இல்லையென்றால் அடாப்டர் கோணலாக இருக்கிறது. இன்னொரு லென்ஸை அதே அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் ஜூம்தான் குற்றவாளி. கீழே விழுந்த, தப்பாகக் கழற்றி மாட்டிய லென்ஸ்களில் இதுதான் வரும். டார்ச்சில் தெரியாது, எந்த ரிவியூவிலும் இருக்காது. இந்த ஒரு சோதனையில் தோற்ற லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீதி நடையே தேவையில்லை.

தேறினால் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். மெட்ரோ பாலத்தின் நீண்ட விளிம்பை ஃபிரேமின் மேல் ஓரத்தை ஒட்டி வையுங்கள். 70-ல் கோடு வெளிப்பக்கம் வீங்கும், 200-ல் உள்பக்கம் குழியும். கொஞ்சம் இருப்பது சகஜம், எடிட்டிங்கில் நேராக்கலாம். கட்டடங்களை மட்டுமே எடுப்பவர் என்றால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே வெளுத்த வானத்துக்கு எதிரே தெரியும் மின்கம்பிகளையும் எடுங்கள். கம்பியின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை தெரியும். இது இல்லாத பழைய டெலி ஜூம் அபூர்வம்.

அடுத்த சோதனைக்குத் தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகை வேண்டும். 200-க்குப் போய் எழுத்து கூர்மையாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் 70-க்கு வாருங்கள். இன்னும் கூர்மையாக இருந்தால், ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நகராத லென்ஸ் உங்களிடம் இருக்கிறது. அந்தக் கால மேனுவல் ஜூம்களின் பெரிய பலம் இதுதான். பெரிதாக்கி ஃபோகஸ் செய், சிறிதாக்கி எடு. இன்றைய ஆட்டோஃபோகஸ் ஜூம்களில் பலவற்றுக்கு இந்தக் குணம் கிடையாது, கேமராவே திரும்ப ஃபோகஸ் செய்துகொள்வதால் தேவைப்படவும் இல்லை.

ஃபோகஸ் நகர்ந்துவிட்டால் உடனே லென்ஸைத் திட்ட வேண்டாம். மலிவான அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகவே செய்கிறார்கள், எப்படியும் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகிவிட வேண்டும் என்பதற்காக. ஒற்றை ஃபோக்கல் நீள லென்ஸில் அந்தப் பத்திலொரு மில்லிமீட்டர் உறைக்காது. ஜூமில் உறைக்கும். குழாய் உயரம் தப்பினால் ஜூமின் உள்கணக்கே தப்பும், ஒவ்வொரு மிமீ-க்கும் ஃபோகஸ் வேறு இடத்தில் விழும். ஜூம் வாங்குகிறவர்கள் அடாப்டரில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இனி ஓடுகிற பொருள். ஐந்து மீட்டர் தூரத்தில் 200 மிமீ, எஃப்/4 வைத்தால் ஃபுல் ஃபிரேமில் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 15 செ.மீ. ஒரு சாண் கூட இல்லை. அதே இடத்தில் 70 மிமீ என்றால் சுமார் 1.2 மீட்டர். உங்களை நோக்கி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் பைக் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. அந்த 15 செ.மீ.-ஐக் கடக்க அதற்கு 0.015 நொடி போதும். கண் பார்த்து விரல் அழுத்த மனிதருக்கு அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். ஆக, ஓடும் வண்டியைத் துரத்தி ஃபோகஸ் செய்வது வீண் முயற்சி. சாலையில் ஒரு இடத்தை, ஒரு வெள்ளைக் கோட்டையோ வேகத்தடையையோ ஃபோகஸ் செய்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். பிஎம்டிசி பஸ் அந்தக் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். மெட்ரோ ரயிலுக்கும் இதே வழி. ரயில் வரும் தடத்தில் ஏதாவது ஒரு தூணுக்கு நேரே ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்/8-க்குப் போனால் ஆழம் இரட்டிப்பாகும். பத்தில் மூன்று நான்கு தேறினாலே முதல் நாளுக்குச் சந்தோஷப்படலாம்.

வெயில் ஏறுவதற்குள் ஹெப்பகோடி ஏரிக்குப் போய்விடுங்கள். ஒரு காலத்தில் கழிவுநீர் சேர்ந்து கெட்டுப்போயிருந்த ஏரி, பயோகான் அறக்கட்டளையின் உதவியோடு மீட்கப்பட்டது. இங்கே பார்க்க வேண்டியது எதிர்வெளிச்சத்தை. சாய்ந்த சூரியனுக்கு எதிராக, தண்ணீர் பளபளக்கும் திசையில் ஒரு படம் எடுங்கள். பழைய கோட்டிங், இத்தனை கண்ணாடி. படம் மொத்தமாக வெளுத்துப்போகும் வாய்ப்பு அதிகம். அடுத்து உள்ளங்கையை லென்ஸுக்கு மேல் குடையாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லென்ஸ் ஹூட் வாங்க வேண்டுமா என்பதற்குப் பதில். வெளுப்பே பிடித்திருந்தால் வாங்க வேண்டாம், சிலர் இதற்காகவே பழைய லென்ஸ் தேடுகிறார்கள். கரையில் கொக்கோ மடையானோ நின்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். அசையாமல் நிற்கும் பறவைதான் மேனுவல் ஃபோகஸுக்கு ஏற்ற பறவை.

ஆட்களை எடுக்கலாமா?

200 மிமீ-ல் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஒருவரின் முகத்தை அவருக்கே தெரியாமல் எடுத்துவிடலாம். முடியும் என்பதால் செய்ய வேண்டும் என்றில்லை. பூ கட்டுகிற அக்காவையோ இளநீர்க் கடை அண்ணாவையோ எடுக்க ஆசைப்பட்டால் பக்கத்தில் போய்க் கேளுங்கள். "ஒந்து போட்டோ தெகீபஹுதா, அண்ணா?" என்றால் கன்னடத்தில் "ஒரு போட்டோ எடுக்கலாமா?" அந்தப் பக்கம் தமிழிலேயே பதில் வரவும் வாய்ப்பு அதிகம். கேட்டுவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் நிதானமாக ஃபோகஸ் செய்து முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். "பழைய லென்ஸ், கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று சொன்னால் பலர் வாங்கிப் பார்ப்பார்கள், வீட்டில் இருந்த யாஷிகாவைப் பற்றிப் பேசுவார்கள்.

இது தொழிற்பேட்டைப் பகுதி என்பதையும் மறக்க வேண்டாம். கம்பெனி கேட் முன்னால் நீள லென்ஸோடு நின்றால் செக்யூரிட்டி வந்து விசாரிப்பது அவர் வேலை. கேட்டுகளையும் மெட்ரோ நிலையத்தின் உட்புறத்தையும் விட்டுவிட்டுப் பொதுச்சாலையிலிருந்து எடுங்கள், நேரம் மிச்சம்.

ஷீட் போடாமல் முடிக்காதீர்கள்

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டதும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். படத்தோடு சேமிக்கப்படும் விவரங்களில் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓ-வும் இருக்கும். மிமீ இருக்காது, அபெர்ச்சர் இருக்காது. இருந்தாலும் அது நீங்கள் காலையில் கையால் கொடுத்த எண்ணாக இருக்கும், நம்ப முடியாது. எந்தப் படம் எதில் எடுத்தது என்பது உங்களுக்கே தெரியாது.

எனவே போகும்போதே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் சோதனையை 70, 100, 135, 200 என்று நாலு இடத்தில், ஒவ்வொன்றிலும் முழுத்திறப்பு, எஃப்/5.6, எஃப்/8 என்று மூன்று முறை செய்தால் 12 படம். எப்போதும் இதே வரிசையில் எடுத்தால் குறித்துக்கொள்ளவே தேவையில்லை. மற்ற படங்களுக்கு வாய்ஸ் நோட் போதும்: "கம்பி, 200, எஃப்/4." வந்ததும் ஒரு ஷீட்டில் ஐந்து காலம் போடுங்கள்: பட எண், மிமீ, அபெர்ச்சர், நடு, ஓரம். நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்றுக்கு எத்தனை மார்க் என்று மட்டும் எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

அதில் ஒரு வடிவம் தெரியும். இந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலும் 70 முதல் 135 வரை நன்றாக இருக்கும், 200-ல் முழுத்திறப்பில் மென்மையாகும். அப்படி வந்தால் நீங்கள் வாங்குவது நடைமுறையில் ஒரு 70-135 லென்ஸ், 200 போனஸ். அந்த விலைக்கு அது சரியா என்று யோசியுங்கள். எல்லா மிமீ-யிலும் எஃப்/8-ல்கூட ஓரத்துக்கு ஒரு மார்க்தான் வருகிறது என்றால் வேண்டாம். ஷட்டர் சோதனையில் தேறி, கம்பியில் ஊதாவும் ஏரியில் வெளுப்பும் மட்டும் என்றால் வாங்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது.

எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் சிலருக்கு இந்த வேகம் ஒத்துவராது. ஓடுகிற குழந்தையை எடுக்கத்தான் கேமரா வாங்கினீர்கள் என்றால் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் பேரம் பேசும்போது ஷீட்டைக் காட்டுங்கள். "200-ல சாஃப்ட், ஜூம் வளையம் சரியுது" என்று படத்தோடு சொல்லும்போது விலை இறங்குவது சுலபம். வாங்கிய பிறகு தோல் பையில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். சிலிகா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அரிசி மாவு புஷ்-புல் ஜூமுக்குள் போக வழி நிறைய இருக்கிறது.